ஐந்தாம் இடத்து நீர்

மே 6, திங்கள்

காலை 8.40-க்குத் தோணித்துறை கழிமுக ஆய்வு நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். வரச் சொன்ன நேரம் 9.30. வாசலில் காவலாளி, "பேரப்பிள்ளைய விட வந்தியளா? பெரியவங்க உள்ள வரக் கூடாது," என்றார். பயிற்சிக்கு வந்திருப்பது நான்தான். அழைப்புக் கடிதத்தை நீட்டினேன். அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார்.

"குற்றாலிங்கம்கிறது நீங்களா?"

"ஆமாம்."

"சரி, போங்க," என்றார். அதில் ஒரு இரக்கம் இருந்தது.

முறையாகத் தொடங்குகிறேன். வயது 66. தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல், இரண்டாம் ஆண்டு. கோடையில் ஆறு வாரம் ஓர் ஆய்வு நிலையத்தில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் பட்டம். பதினோரு இடங்களுக்கு எழுதினேன். ஒன்பதிலிருந்து பதில் இல்லை. ஒன்று என் வயதைக் கேட்டுவிட்டு வாழ்த்துச் சொன்னது. இந்த நிலையத்தின் இணையப் படிவத்தில் பிறந்த ஆண்டுப் பட்டியல் 1980-க்கு முன்னால் போக மறுத்தது. தொலைபேசியில் கேட்டேன். "எதையாவது போடுங்க சார், பெறகு மாத்திக்கலாம்," என்றார்கள். எதையாவது போடுவது எனக்கு வராது. தபாலில் அனுப்பினேன்.

மொத்தம் எட்டுப் பேர். மற்ற ஏழு பேருக்கும் இருபது, இருபத்தொன்று வயது. வருகைப் பதிவேட்டில் எனக்குக் கடைசி எண். மேலப்பாளையத்திலிருந்து வந்திருக்கும் நஸ்ரின் என்ற பெண் மதியத்துக்குள் எனக்கு 'எட்டு சார்' என்று பெயர் வைத்துவிட்டாள். தாத்தா என்று சொல்லாமல் விட்டாளே என்று இருந்தது.

இங்கே நிற்க எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. ஆறு வாரம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கழித்தால் போதும்.

மே 8, புதன்

ஆற்றில் ஐந்து இடங்கள். முதலாவது மேலே பாலத்தடியில், நல்ல தண்ணீர். ஐந்தாவது கடலோடு சேரும் முகத்துவாரம். நடுவில் மற்றவை. ஒவ்வொரு நாள் காலையும் நீரின் வெப்பம், உப்பு, கரைந்திருக்கும் ஆக்சிஜன் மூன்றையும் எடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஓராண்டாக எழுதி வருகிறார்கள். ஆறு வார முடிவில் ஓராண்டுக் கணக்கு முழுதாக மாவட்ட அதிகாரியிடம் போகும்.

என்னையும் நஸ்ரினையும் மூன்று, நான்கு, ஐந்தாம் இடங்களுக்குப் போட்டிருக்கிறார் பொறுப்பாளர் முனைவர் பிரிசில்லா. நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். வேகமாக நடக்கிறார், வேகமாகப் பேசுகிறார், ஆனால் எதிராளி பேசும்போது நிற்கிறார்.

படகு ஓட்டுகிறவர் மிக்கேல். இந்த ஊர்க்காரர். நான் படகில் ஏற ஐந்து நிமிடம் ஆயிற்று.

"அண்ணாச்சி, படகு ஓடாது. நீங்க ஏறுத வரைக்கும் அதுவும் நிக்கும், நானும் நிப்பேன்."

"மன்னிக்கணும்."

"யாத்தே, இதுக்கெல்லாம் மன்னிப்பா? ஞாயித்துக்கிழமை சாமியார்ட்ட கேக்க வேண்டியதை ஏங்கிட்ட கேக்காவளே!"

நஸ்ரின் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மே 10, வெள்ளி

ஆக்சிஜன் அளக்கப் புதிய கருவி இருக்கிறது. கம்பியை நீரில் விட்டால் திரையில் எண் வரும். ஆனாலும் பழைய விங்க்ளர் முறையை எல்லோரும் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் என்பது விதி. புட்டியில் குமிழி புகாமல் நீர் பிடித்து, படகிலேயே இரண்டு மருந்துகள் விட வேண்டும். பழுப்பாகப் படியும். நிலையத்துக்கு வந்து அமிலம் விட்டால் தெளிந்து பொன்னிறம் வரும். மாவுக்கரைசல் விட்டால் நீலம். பிறகு ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறையும் கணத்தில் நிறுத்த வேண்டும். எத்தனை மில்லி இறங்கியதோ, அதுவே லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் என்பது.

பி.எஸ்ஸி. படிக்கும்போது செய்தது. நாற்பத்தைந்து ஆண்டு ஆகிறது. மற்ற ஏழு பேரும் ஒரு முறை செய்து முடித்துக் கை கழுவிவிட்டார்கள். எனக்குக் கை திருந்தவில்லை. தினமும் பழகிக்கொள்ளலாமா என்று பிரிசில்லா மேடத்திடம் அனுமதி கேட்டேன்.

"தாராளமா, சார். அந்த மருந்தெல்லாம் டிசம்பர்ல காலாவதி ஆகப்போகுது."

பதிவேட்டில் கருவி சொல்வதுதான் போகும். என் அளவுகளை இந்த நாட்குறிப்போடு வைத்துக்கொள்கிறேன்.

மே 13, திங்கள்

நிலைய விடுதியில் வேட்டி இரண்டு துவைத்தேன். மனைவி செண்பகத்துக்குப் போன் செய்தேன். பாளையங்கோட்டையில் மழை இல்லையாம்.

மூன்றாம் இடம்: கருவி 5.1, நான் 4.8. நான்காம் இடம்: கருவி 4.7, நான் 4.2. ஐந்தாம் இடம்: கருவி 4.5, நான் 3.8.

எல்லாம் குறைவு. எங்கோ தவறு செய்கிறேன்.

மே 14, செவ்வாய்

ஐந்தாம் இடம் மறுபடியும் 3.8. கருவி 4.5.

மே 17, வெள்ளி

காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை. ஆவணியில் அறுவை வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புரைக் கண்ணுக்கு எல்லாம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், நீலம் மங்கும். ஆக, மற்றவர்களுக்கு நீலம் மறைவதற்கு முன்பே எனக்கு மறைந்துவிடுகிறது. சொட்டுகள் குறைகின்றன. எண்ணும் குறைகிறது. சரியாகப் பொருந்துகிறது.

தேநீர் வேளையில் எல்லோர் முன்னாலும் மேடத்திடம் சொல்லிவிட்டேன், பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால்.

"பரவால்ல சார், பழகத்தானே செய்றீங்க," என்றார்.

தவறை ஒப்புக்கொண்டதில் ஒரு நிம்மதி. இன்று மாலை தோசை மூன்று சாப்பிட்டேன்.

மே 21, செவ்வாய்

நீலம் மறைந்த பிறகும் நிறுத்தாமல் பதினான்கு சொட்டு கூடுதலாக விட்டேன். கண்ணுக்கான திருத்தம். ஐந்தாம் இடம் 4.5 வந்தது. கருவியும் 4.5.

நஸ்ரின் கை தட்டினாள். "எட்டு சார், பின்னிட்டீங்க!"

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

மே 22, புதன்

மறுபடியும் பதினான்கு சொட்டு. மறுபடியும் பொருந்தியது. சாப்பிடவில்லை.

மே 24, வெள்ளி

விடிந்து கொஞ்ச நேரத்தில் முகத்துவாரத்துக்குப் போய்விட்டோம். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கரை ஓரம் முழுதும் நண்டுகள். தண்ணீரிலிருந்து ஏறி ஈர மணலில் அசையாமல் உட்கார்ந்திருந்தன. சின்ன மீன்கள் விளிம்பில் வாயை மேலே நீட்டி நீட்டி மூடின. பெண்கள் நான்கு பேர் நண்டைக் கையாலேயே கூடையில் அள்ளினார்கள். ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

"அதிர்ஷ்டம்னு நெனச்சிராதிய, அண்ணாச்சி," என்றார் மிக்கேல். "இன்னிக்கு அள்ளுவாவ. இருபது நாளைக்கு வலையில ஒண்ணும் விழாது. தண்ணிக்குள்ள மூச்சு முட்டித்தான் இதுவ மேல ஏறுது."

"ஏன் அப்படி?"

"அந்தா தெரியுதுல்லா மணல் மேடு, அது முகத்துவாரத்தை முக்கால்வாசி அடைச்சிட்டு. கடல் தண்ணி ஏறி எறங்க வழியில்ல. அதை வெட்டி விடுங்கன்னு மூணு வருஷமா மனு குடுக்கோம். இப்ப ஒரு வருஷமா என்ன பதில் வருது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"'ஆய்வு நிலையக் கணக்குப்படி ஆக்சிஜன் நாலுக்கு மேல இருக்கு. மீனுக்கு ஒரு கொறையும் இல்ல. ஆகவே வெட்டத் தேவையில்ல.' நண்டு படிக்காதது பாருங்க, அதனால ஏறி வந்துட்டு."

நஸ்ரின் கம்பியை நீரில் விட்டாள். கருவி 4.4 காட்டியது. நான் புட்டியில் நீர் பிடித்தேன்.

நிலையத்தில் நீலம் மறைந்த இடத்திலேயே நிறுத்தினேன். 3.7. அதற்கு மேல் ஒரு சொட்டும் விடவில்லை.

மே 26, ஞாயிறு

விடுமுறை. மற்றவர்கள் திருச்செந்தூர் போனார்கள். 21, 22 தேதிகளின் திருத்திய எண்களை அடித்துவிட்டு, பக்கத்தில் 'பொய்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று இதுவரை எழுதவில்லை. தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளர். கடைகளின் தராசு, படிக்கல், ஆலைகளின் எடைமேடை எல்லாவற்றையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது. முப்பத்திரண்டு ஆண்டு. ஒரு தராசு தவறு சொல்கிறதா என்று அறிய அதில் அரிசியைப் போட்டுப் பார்த்துப் பயனில்லை. எடை தெரிந்த கல்லைப் போட வேண்டும். இது முதல் நாள் சொல்லித் தருவது.

பெரும்பாலும் சரியாகவே செய்தேன். 1993 பற்றி இங்கே எழுத வேண்டிய தேவை இல்லை.

ஜூன் 3, திங்கள்

நஸ்ரினிடம் ஓர் உதவி கேட்டேன். இன்றைய ஐந்தாம் இடத்துப் புட்டிகள் இரண்டில் ஒன்றை அவள் செய்ய வேண்டும். நான் முதுகைக் காட்டி நிற்பேன். அவள் எண்ணைத் தாளில் எழுதி மடித்து வைக்க வேண்டும். பிறகு நான் செய்வேன்.

"சார், இது என்ன பரீட்சையா?"

"எனக்குத்தான் அம்மா பரீட்சை."

நான் செய்து முடித்தேன். 3.8. அவள் எழுதிய தாளைப் பிரித்தேன். 3.8.

இருபத்தொரு வயதுக் கண்.

"அப்ப கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றாள். "இதுக்கா மூணு வாரமா நீங்களே உங்களைத் திட்டிக்கிட்டிருந்தீங்க?"

மருந்து கெட்டிருக்கலாம் என்றேன். மாலையில் மருந்தையும் சோதித்தேன். கெடவில்லை.

ஜூன் 5, புதன்

முதல் இடத்துக்குப் போகும் பையன்களிடம் ஒரு நாள் மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். சந்தோஷமாக மாற்றிக்கொண்டார்கள், அவர்களுக்குக் கடல் பார்க்க ஆசை.

பாலத்தடி. நல்ல தண்ணீர். கருவி 5.6. விங்க்ளர் 5.6.

மூன்று புட்டி செய்தேன். மூன்றும் 5.6.

அறைக்கு வந்து இத்தனை நாள் எண்களையும் ஒரே தாளில் வரிசையாக எழுதினேன். மேலே வித்தியாசமே இல்லை. மூன்றாம் இடத்தில் கொஞ்சம். நான்கில் கூடுதல். ஐந்தில் மிகக் கூடுதல். கடலை நெருங்க நெருங்க ஏறுகிறது. பதிவேட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்த கட்டத்திலேயே உப்பு அளவு இருக்கிறது. சுழி, பத்து, இருபது, முப்பது. அதுவும் அப்படியே ஏறுகிறது.

என் கண்ணோ கையோ இடத்துக்கு இடம் மாறாது.

ஜூன் 7, வெள்ளி

எடை தெரிந்த கல் வேண்டும். அதாவது, விடை தெரிந்த நீர்.

மிக்கேலிடம் சொல்லி உப்பளத்திலிருந்து கல்லுப்பு இரண்டு கிலோ வாங்கி வரச் சொன்னேன்.

"மீன் கொழம்பா?"

"இல்லை. தண்ணீரில் போடத்தான்."

"ஆத்துல கெடக்குத உப்பு போதாதுன்னா? நீங்க ஒரு மாதிரிதான் அண்ணாச்சி."

இரண்டு வாளி குழாய்த் தண்ணீர். ஒன்றில் லிட்டருக்கு முப்பது கிராம் வீதம் கல்லுப்பு. மீன்தொட்டியில் காற்று விடும் மோட்டாரை இரண்டிலும் போட்டு இரண்டு மணி நேரம் விட்டேன். இனி இரண்டு வாளியும் தாங்கும் அளவுக்கு ஆக்சிஜனைக் குடித்திருக்கும். உப்பு நீர் குறைவாகத்தான் தாங்கும். இது முதலாண்டுப் பாடம்.

கருவி: குழாய்த் தண்ணீரில் 7.6. உப்புத் தண்ணீரிலும் 7.6.

விங்க்ளர்: 7.6. 6.4.

கருவிக்கு உப்புத் தெரியவில்லை. ஓராண்டாக முகத்துவாரத்தில் அது கூடுதலாகவே சொல்லி வருகிறது. நாலுக்கு மேல் என்றது நாலுக்குக் கீழ்.

நஸ்ரின் வாளியைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். "சார், இதைச் சொன்னா மேடத்தோட ஒரு வருஷ வேலை..."

"தெரியும்."

"உங்க சான்றிதழ்ல கையெழுத்துப் போட வேண்டியதும் அவங்கதான்."

"அதுவும் தெரியும்."

நான் தவறாகவும் இருக்கலாம்.

ஜூன் 10, திங்கள்

மேடத்தின் அறைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மாவட்ட அதிகாரி முன்னால் நடக்கும் கூட்டத்துக்கு அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் பேசினேன். அதில் ஒன்பது நிமிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. வாளிகளைப் பற்றிச் சொல்லும் இடத்துக்கு வந்து சேரவே இல்லை.

"சார்," என்றார், கோபம் இல்லாமல். "போன மாசம் நீங்களேதான எல்லார் முன்னாலயும் சொன்னீங்க, கண்ணுல புரை, நீலம் தெரியலன்னு?"

"ஆமாம், ஆனால்..."

"உங்க கையெழுத்தைப் பாத்தாலே தெரியுது, எவ்வளவு கவனமானவர்னு. ஆனா அந்த எண்ணை வெச்சுட்டு நான் மாவட்ட அதிகாரி முன்னால எப்படி நிக்கிறது? வெள்ளிக்கிழமை உங்களுக்கும் பத்து நிமிஷம் இருக்கு. எது வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா நிரூபிக்கணும்."

என் வாயால் சொன்னதே எனக்கு எதிராக நிற்கிறது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கதவைச் சாத்தும்போதும் மன்னிப்புக் கேட்டேன்.

ஜூன் 12, புதன்

என் அறிக்கையில் விங்க்ளர் எண்களைக் கடைசிப் பக்கத்துப் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். விருப்பம் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மேடையில் சொல்ல வேண்டியதில்லை. செண்பகத்திடம் போனில் இதைச் சொன்னேன். கூட்டத்துக்கு எந்தச் சட்டை போடுவது என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்.

"பின்னிணைப்பா? அப்படின்னா என்ன?"

"கடைசியில் வரும். யாரும் படிக்க மாட்டார்கள்."

"அப்பொ ஏன் எழுதுதிய?"

சட்டைப் பேச்சுக்குத் தாவினேன்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. தூத்துக்குடி ரோட்டுல அந்த உப்புக் கம்பெனி எடைமேடைக்குப் போயிட்டு வந்தியளே, அன்னிக்கு ராத்திரி நீங்க சாப்பிடல. ரெண்டு நாள் சாப்பிடல. நான் என்னன்னு கேக்கல. முப்பது வருஷமா அந்த வழியா பஸ்ஸுல போவும்போதெல்லாம் கண்ணை மூடிக்கிடுதிய. தூக்கம்னு சொல்லுவிய. எனக்குத் தெரியாதா, உங்களுக்குப் பஸ்ஸுல தூக்கமே வராதுன்னு?"

எழுதிவிடுகிறேன். 1993, செப்டம்பர். எடைமேடை ஒரு லோடுக்கு நாற்பது கிலோ குறைத்துக் காட்டியது. உப்பைக் கொண்டு வந்து போடும் பாத்திக்காரர்கள் வரிசையில் லாரியோடு நின்றுகொண்டிருந்தார்கள். கல்லைப் போட்டு இரண்டு முறை பார்த்தேன். முதலாளி வெளியே வந்து, "ஒமக்குக் கணக்குத் தெரியுமாய்யா?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். எனக்கு அந்தக் கணத்தில் தெரியாமல் போய்விட்டது. என் கல்லில்தான் பிழையோ என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் உண்மை இல்லை. நினைக்க விரும்பினேன். முத்திரை குத்தினேன்.

"இருக்கியளா?" என்றாள் செண்பகம்.

"இருக்கிறேன். வெள்ளைச் சட்டையா, நீலக் கோடு போட்டதா?"

"நீலக் கோடு," என்றாள்.

ஜூன் 13, வியாழன்

பின்னிணைப்பைக் கிழித்தேன். மோட்டார்களைத் துடைத்து எண்ணெய் போட்டேன். வாளி கழுவினேன். புட்டிகள் ஆறு, மருந்துகள், ப்யூரெட், தாங்கி, வெள்ளைத் தாள். எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாம் முறை பார்க்க வந்தபோது நஸ்ரின் ஆய்வறைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஜூன் 14, வெள்ளி

எல்லாம் நடந்தது நடந்தபடி எழுத முயல்கிறேன்.

கூடத்தில் நாற்பது பேர். முன்வரிசையில் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி, அவர் பக்கத்தில் மேடம். பின்னால் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர், மிக்கேலும் அவர்களோடு. கூட்டம் பத்து மணிக்கு. எட்டு மணிக்கே வாளிகளில் காற்று விட்டாயிற்று. பத்தேகாலுக்கு மோட்டாரை நிறுத்தி, இரண்டு வாளியிலிருந்தும் புட்டிகளில் நீர் பிடித்து மருந்து விட்டு வைத்தேன். என் முறை கடைசி.

எழுதி வைத்திருந்த தாளில் முதல் வரி 'மன்னிக்கவும்' என்று இருந்தது. அதை விட்டுவிட்டு இரண்டாம் வரியிலிருந்து தொடங்கினேன்.

"என் இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது. அதனால் இந்தச் சோதனையை நான் செய்யப் போவதில்லை."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். வாளிகளைக் காட்டினேன். ஒன்று குழாய்த் தண்ணீர், ஒன்று அதே தண்ணீரில் கல்லுப்பு. உப்பு நீர் ஆக்சிஜனைக் குறைவாகத்தான் தாங்கும் என்றேன். கருவியின் கம்பியை இரண்டிலும் விட்டேன். 7.6. 7.6. கூடத்துத் திரையில் பெரிதாகத் தெரிந்தது.

"இந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. எது தவறு என்று புட்டி சொல்லும். மேடம், சொட்டு விடுவது நீங்களாக இருக்க வேண்டும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். எழுந்து வந்தார். துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு ப்யூரெட்டின் முன் நின்றார். பழகிய கை, பார்த்தவுடன் தெரிந்தது. முதல் புட்டி. நீலம் வெளுத்து, வெளுத்து, மறைந்தது. "ஏழு புள்ளி ஆறு," என்றார்.

இரண்டாம் புட்டி. ஆறில் வேகத்தைக் குறைத்தார். பின்னாலிருந்து மிக்கேல், "மெதுவா விடுங்கம்மா," என்றார், என்னவோ அவர்தான் சொட்டு விடுவதுபோல. யாரும் சிரிக்கவில்லை. ஆறு புள்ளி இரண்டு. மூன்று. நீலம் ஒரு கீற்றாக நின்றது. இன்னும் ஒரு சொட்டு. இன்னும் ஒன்று.

கையை எடுத்துவிட்டார். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தார். "ஆறு புள்ளி நாலு." யாரிடமும் கேட்காமல் அடுத்த புட்டியை எடுத்துச் செய்தார். 6.4. மூன்றாவதையும் செய்தார். 6.4.

பிறகு கருவியைக் கையில் எடுத்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார்.

"உப்பு அளவுன்னு ஒரு கட்டம் இருக்கு," என்றார். "அதுல சுழின்னு இருக்கு. போன வருஷம் ஏரி வேலைக்காக வெச்சது. நல்ல தண்ணிக்கு. இங்க கொண்டு வந்தப்ப மாத்தல." நிறுத்தினார். "வெச்சது நான்தான். மாத்தாததும் நான்தான்."

அந்தக் கட்டத்தில் முப்பது போட்டார். கம்பியை உப்பு வாளியில் விட்டார். திரையில் எண்கள் ஓடி நின்றன. 6.4.

"இந்தா, கருவியும் ஒத்துக்கிட்டு!" என்று கத்தினார் மிக்கேல். பின்வரிசை முழுக்க எழுந்துவிட்டது. நஸ்ரின் மேஜையைத் தட்டினாள்.

அதிகாரி கை உயர்த்தினார். "அப்ப முகத்துவாரத்துல உண்மையான அளவு என்ன?"

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, எட்டு சார்." அவர் வாயில் அந்தப் பெயர் இன்றுதான் வந்தது.

"ஐந்தாம் இடத்தில்," என்றேன், "இருபத்து மூன்று நாள் எடுத்திருக்கிறேன். மூன்று புள்ளி எட்டு. நண்டு ஏறிய அன்றைக்கு மூன்று புள்ளி ஏழு."

"சந்தேகம் இல்லையே?"

முப்பது ஆண்டாக இந்தக் கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இருந்தது.

"இல்லை," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். எழுதிய பேனாவை மூடாமல் பின்வரிசையைப் பார்த்து, "மணல் மேட்டுக் கோப்பு திங்கக்கிழமை மறுபடி மேஜைக்கு வரும். வெட்டணும்னு நானே எழுதுறேன். மழைக்கு முன்னால வேலை ஆரம்பிக்கணும்," என்றார். மிக்கேல் அழுதார். அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். வியர்வை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் மேடம் தம் அறைக்குக் கூப்பிட்டார். சான்றிதழ் கையெழுத்தாகி மேஜையில் இருந்தது.

"திங்கக்கிழமை உங்களை நான் பேச விடல," என்றார்.

"நான் பேசவில்லை, மேடம். விட்டிருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்."

சிரித்தார். ஓராண்டுக் கணக்கையும் திருத்த வேண்டும். உப்பு அளவு ஒவ்வொரு நாளும் பதிவாகி இருக்கிறது. ஒவ்வோர் எண்ணையும் மறுபடி போட்டு எடுக்கலாம். அதற்கு ஜூலையிலிருந்து மூன்று மாதம் ஆய்வு உதவியாளர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி நஸ்ரின். "இன்னொருத்தர் வீட்ல கேட்டுச் சொல்லுங்க," என்றார்.

போனில் செண்பகத்திடம் சொன்னேன்.

"கண் அறுவை ஆவணியில் இருக்கிறதே," என்றேன்.

"அந்தக் கண்ணை வெச்சுத்தானே இவ்வளவும் பாத்திய? ஐப்பசியில பண்ணிக்கிடலாம். ஜூலைக்கு நாலு வேட்டி எடுத்து வெச்சிருதேன்."

மாலையில் மேடம் கருவியையும் ஒரு வெள்ளைச் சீட்டையும் கொண்டு வந்து வைத்தார். கருவிகளைச் சரிபார்த்தால் நாள் போட்டுக் கையெழுத்திட்டு ஒட்டுவது இங்கே வழக்கம். இந்தக் கருவியில் அந்த இடம் காலியாகவே இருந்தது.

'சரிபார்க்கப்பட்டது. 14 ஜூன். எஸ். குற்றாலிங்கம்.'

எழுத்து நேராகத்தான் விழுந்திருக்கிறது.

ஜூன் 15, சனி

காலை 7.10 பஸ். மிக்கேல் ஒரு பொட்டலம் நண்டு கொண்டு வந்தார். நாங்கள் சைவம் என்றேன். "அப்ப பக்கத்து வீட்டுக்காரவளுக்குக் குடுங்க, எட்டு சார் குடுத்தாருன்னு சொல்லுங்க," என்றார். வாங்கிக்கொண்டேன்.

தூத்துக்குடி தாண்டி உப்பளங்கள். இடப்பக்கம் ஜன்னலோர இருக்கை. உப்புக் கம்பெனியின் சுற்றுச்சுவர் வந்தபோது கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். எடைமேடை பழைய இடத்திலேயே இருக்கிறது. அதன் மேல் ஒரு லாரி நின்றிருந்தது. பாத்திக்காரர் ஒருவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எண் வரும் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பஸ் வேகமாகப் போய்விட்டது. எண் தெரியவில்லை.

ஜூலை முதல் தேதி இதே வழியாகத்தான் வர வேண்டும். அங்கே இறங்கி அந்த எண்ணைப் பார்ப்பேன். அரைமணிக்கு ஒரு பஸ் உண்டு.